கடைசிப் பக்கம், இன்னொரு தடவை

இன்று காலை உன் பிஸ்கட் டின்னை மறுபடியும் திறந்தேன். தலைவலித் தைலத்தின் வாசனை குப்பென்று அடித்தது. இத்தனை வருஷம் மூடி இறுகிக் கிடந்ததில் அது உள்ளேயே தங்கிவிட்டிருக்கிறது. ஆபீஸ் டெலிபோன் ஸ்விட்ச்போர்டில் நாள் முழுக்கக் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து உனக்குத் தீராத மண்டையிடி. நெற்றியில் தைலம் தேய்த்த அதே விரலால்தான் காஸெட்டுகளையும் தடவித் தடவி எடுப்பாய். மூடியைத் திறந்ததும் நீ பக்கத்தில் வந்து தொப்பென்று உட்கார்ந்த மாதிரி இருந்தது. அழுதேன். சொல்வதற்கென்ன, நன்றாகவே அழுதேன்.

எடுத்துப் போன ஒரு காஸெட்டைத் திரும்ப வைப்பதற்குத்தான் திறந்தேன். நாவலின் பாகங்களுக்கு அடையாளமாக நீ சுற்றிவைத்த ரப்பர் பேண்டுகள் உருகி அட்டையோடு ஒட்டிப்போய்விட்டன. முதல் பாகத்துக்கு ஒன்று, இரண்டாம் பாகத்துக்கு இரண்டு. கடைசிப் பாகத்துக்கு மட்டும் ரப்பர் பேண்டு கிடையாது, கறுப்புக் கயிறு. "முடியப்போவுதுன்னு கையிலயே தெரியணும்லாட்டி" என்பாய். நான் திரும்ப வைத்தது கறுப்புக் கயிறு கட்டியது. அதைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு யாரிடம் சொன்னாலும் பாதியிலேயே "அதுக்கென்ன இப்போ?" என்பார்கள்.

செம்பூர் ஸ்டேஷனில் லோக்கல் ரயிலின் ஹேண்டிகேப் டப்பா எங்கே வந்து நிற்கும் என்று எனக்குக் கண்ணால் தெரியும், உனக்குக் காலடியில் தெரியும். அந்தப் பெட்டியில் ஏற எனக்குப் பாஸ் வாங்கிக் கொடுத்தது போலியோ, உனக்குப் பிறவியிலேயே இல்லாத பார்வை. முதல் நாள் நான் ஏதோ வாரப் பத்திரிகையைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். எதிர் சீட்டிலிருந்து நீ முகத்தைத் திருப்பாமலே என்ன படிக்கிறாய் என்று இந்தியில் கேட்டாய்: "க்யா பட் ரஹீ ஹோ?" தமிழ்ப் பத்திரிகை என்றேன். அவ்வளவுதான், எழுந்து வந்து என்னை இடித்துக்கொண்டு உட்கார்ந்தாய்.

"ஏட்டி, தமிழா? அப்போ வாய் விட்டுப் படி. தனியாச் சிரிக்கப்பிடாது."

முன்பின் தெரியாதவளை முதல் பேச்சிலேயே 'ஏட்டி' என்று கூப்பிடுகிறாளே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. எங்கள் வீட்டில் அப்படி யாரும் பேசிப் பழக்கமில்லை. அப்பா ஆபீஸ் குமாஸ்தா, மாட்டுங்காவிலிருந்து செம்பூருக்குக் குடிபோனவர். அதட்டுவதைக்கூட மெதுவாக அதட்டுவார். நீயோ தாராவியில் பிறந்து, திருநெல்வேலிப் பேச்சைச் சொட்டுக் குறையாமல் வைத்திருந்தவள். ஆனால் குர்லா வருவதற்குள் நான் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். சிவ்ரி தாண்டும்போது நீ தொடையைத் தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாய். மறுநாள் நான் உனக்காக ஒரு நாவலே எடுத்துவந்தேன்.

உன் விரலில் மூன்று மொழி இருந்தது. மராத்தி, இந்தி, ஆங்கிலம். மூன்றையும் பிரெய்லில் கடகடவென்று படிப்பாய். நீ படித்த பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பிரெய்ல் சொல்லித்தர ஆளில்லை. "எங்க அம்மை பேசுத பாஷையில மட்டும் நான் கைநாட்டுட்டி" என்று ஒருநாள் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

சாதாரணமாக நீ தங்கமான மனுஷி. வாசிக்கக் கேட்க உட்கார்ந்தால் ராட்சசி. அட்டையிலிருந்து அட்டைவரை படிக்க வேண்டும். பதிப்பகத்தின் விலாசம், விலை, முன்னுரை, பின்னட்டைக் கூந்தல் தைல விளம்பரம் எதையும் விடக்கூடாது. உனக்கு முன்பு வாசித்துக் காட்டிய புண்ணியவதிகள் அலுப்பான இடங்களைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அது பின்னால் உனக்குத் தெரியவந்திருக்கிறது. "கண்ணு தெரியலன்னா பாதிப் புஸ்தகம் போதும்னு எவன்ட்டி சொன்னான்?" என்று நீ கேட்டாய். அதன்பிறகு நான் ஒரு வரியையும் தாண்டியதில்லை.

இன்னொரு சட்டம் இதைவிட மோசம். எதிர் வண்டி கடக்கும்போதோ, கொய்யா விற்கிறவன் காதருகே மராத்தியில் "பேரு, பேரு" என்று கத்தும்போதோ ஒரு வரி அமுங்கிப்போனால் அந்த வரியை மட்டும் திரும்பப் படிப்பது போதாது. பக்கத்தின் தலையிலிருந்து படிக்க வேண்டும்.

"ஒரு வரிதானேடி போச்சு?" என்று நான் பல்லைக் கடிப்பேன்.

"அந்த ஒரு வரியில அவ செத்துப்போயிருந்தா?"

"சாகலைடி. நான்தான் பார்க்கறேனே."

"நீ பாக்க. ஒரு வரி தவறிட்டுன்னா மேல போயி பாத்துக்கிடுவ. நான் எங்கன போயி பாக்க? தலையில இருந்து படி."

படிப்பேன். வேறென்ன செய்ய?

கடைசிப் பக்கத்தை ஓடுகிற வண்டியில் படிக்கவே விடமாட்டாய். அது மூன்றாவது சட்டம். கடைசி ஸ்டேஷனான வி.டி.யில் இறங்கி, கூட்டம் எல்லாம் வெளியேறும்வரை பிளாட்பார பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அப்புறம்தான் கடைசிப் பக்கம். அந்த நாட்களில் இரண்டு பேரும் ஆபீஸுக்கு லேட். என் ஹெட்கிளார்க் கடுகடுப்பார். "கதை முடியற நாள் சார்" என்று அவரிடம் சொல்லவா முடியும்? ரயில் லேட் என்பேன். ஹார்பர் லைன் என்றால் யாரும் சந்தேகப்படமாட்டார்கள்.

இவ்வளவு சட்டம் பேசுகிற நீ வாயை மூடிக்கொண்டு கேட்டாயா என்றால், அதுதான் இல்லை. பாத்திரங்களோடு சண்டை போடுவாய். "அடிப்பாவி, அவனை நம்பாதட்டி" என்பாய். "இவன் ஆளு சரியில்ல, நான் அப்பவே சொன்னேன்லா" என்று எனக்கே கதை சொல்லுவாய். எல்லாமே உன் மடியில் இருந்த டேப்ரெக்கார்டரில் பதிவாகும். நான் படிப்பது, நீ கத்துவது, குர்லா, வடாலா, கொய்யாக்காரன், சேஃப்டி பின் விற்கிறவள், எல்லாம்.

அந்தக் காஸெட்டுகளைத்தான் நீ ஊரெல்லாம் அனுப்பினாய். வடாலாவில் ஒரு டீச்சர், அம்பர்நாத்தில் பார்வை போய் வேலையை விட்ட ஒரு மில் தொழிலாளி, இன்னும் யார் யாரோ. வண்டியில் போகிற யாரிடமாவது கொடுத்துவிடுவாய்; அடுத்த வாரம் திரும்பி வரும். பிஸ்கட் டின்தான் உன் நூலகம். "டப்பாவுல ஏறி டப்பாவுல எறங்குத லைப்ரரி" என்று உனக்குப் பெருமை. இரைச்சல் அதிகம் என்று அம்பர்நாத்காரர் குறை சொன்னாராம். வாயடக்க முயற்சி செய்வதாக எனக்கு வாக்குக் கொடுத்தாய். மறுநாள் சுன்னாபட்டி வருவதற்குள் வாக்கு போயிற்று.

கடைசிக் காலத்தில் உன் தம்பி மகன் உனக்கு, திரையில் இருப்பதைப் படித்துச் சொல்கிற ஒரு பேசுகிற போன் வாங்கிக் கொடுத்தான், நினைவிருக்கிறதா? வலையில் தமிழ் நூலகங்கள் இருக்கின்றன, ஆயிரக்கணக்கில் புத்தகம் ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லக் கேட்டு, குழந்தை மாதிரி ஆசையோடு திறந்தாய். போன் "படம்" என்றது. அடுத்த பக்கத்துக்கும் "படம்." நூறு பக்கத்துக்கும் "படம்." பக்கங்களைப் புகைப்படம் எடுத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கண் உள்ளவர்களுக்கு அது எழுத்து. போனுக்கு அதில் எழுத்து இருப்பதே தெரியாது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நீ சொன்னாய்: "வாங்க வாங்கன்னு கூப்பிடுதானுவ. உள்ள போனா செவரால்லா இருக்கு." அதன்பின் நீ அதைத் திறக்கவில்லை. அடுத்த மழைக்காலத்துக்கு நீ இல்லை. மார்பில் சளி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை.

நீ போனபிறகுதான் அந்தச் சுவரில் வாசல் வைக்க ஆரம்பித்தார்கள். அதுதான் எனக்கு ஆறவில்லை. மாட்டுங்காவில் தமிழ்ப் புத்தகங்கள் உள்ள ஒரு பழைய வாசகசாலையில், இருப்பதையெல்லாம் வலையில் ஏற்றுகிறார்கள். இந்தத் தடவை படத்தோடு நிறுத்தவில்லை. செயற்கை நுண்ணறிவு என்று இப்போது எல்லாரும் பேசுகிறார்களே, அது அந்தப் படத்தில் உள்ள எழுத்தைப் படித்து எழுத்தாகவே மாற்றிக் கொடுக்கிறது. பிறகு இன்னொரு குரல் அதை வாசிக்கிறது. பழைய அச்சு என்றால் தடுமாறும். அதைத் திருத்த ஆள் தேவை என்றார்கள். ரிட்டையரான எனக்கு வேலை என்ன, போய் உட்கார்ந்தேன். நித்யா என்று ஒரு பெண்தான் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்கிறாள். பவாயில் கம்ப்யூட்டர் உத்தியோகம், சனிக்கிழமையானால் இங்கே. தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் மூச்சுவிடாமல் வேலை செய்வாள். என்னை ஆன்ட்டி என்பாள்.

ஏற்றுகிற புத்தகங்களை முதலில் கேட்டுப் பார்த்துச் சொல்கிறவர் செல்வம். தாராவிக்காரர், உன் ஊர்ப் பேச்சு. லேத் பட்டறையில் கண்ணைப் பறிகொடுத்தவர். மாஹிம் ஸ்டேஷனில் டெலிபோன் பூத் கொடுத்தார்கள். இப்போது டெலிபோன் யாருக்கு வேண்டும், சிப்ஸும் தண்ணீர் பாட்டிலும் விற்கிறார். இந்திப் பள்ளிக்கூடத்தில் படித்ததால் கண் இருந்த காலத்திலும் அவருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. ஐம்பது வயதில் முதல் தமிழ் நாவலைக் காதால் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து, "யக்கா, இம்புட்டு நாளு இதெல்லாம் எங்கக்கா இருந்துச்சு?" என்றார். உன்னைப் பற்றி அவரிடம் சொல்லலாம் என்று வாயெடுத்தேன். ஏனோ விட்டுவிட்டேன்.

அவருக்கு அடுத்து அனுப்பியது அந்த நாவலை. எதைச் சொல்கிறேன் என்று உனக்குத் தெரியும். அண்ணன்மார் தன் வீட்டைப் பிடுங்கிக்கொள்ள, ஊரைவிட்டுப் போய்த் தனியாகப் பிழைத்த பெண்ணின் கதை. வயதான காலத்தில் அதே அண்ணன்மார் அவளைக் கூப்பிட்டு வீட்டுச் சாவியைக் கையில் கொடுக்கிறார்கள். அவள் கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். அதோடு புத்தகம் நின்றுபோயிற்று. வாசகசாலைக்குள் மழைத்தண்ணீர் புகுந்த ஒரு வருஷம் கடைசி அத்தியாயம் முழுதும் ஒட்டி அடையாகிவிட்டதாம். ஒரு தடவைதான் அச்சானது. எழுதிய அம்மாவின் மகள் சந்தோஷமாக அனுமதி கொடுத்தார், ஆனால் அவரிடமும் பிரதி இல்லை.

செல்வம் விடவில்லை. "அந்தப் பொம்பள உள்ள போனாளா இல்லையாக்கா?" என்று இரண்டு நாளைக்கு ஒரு போன். அவர் அவசரத்துக்குக் காரணம் இருந்தது. பார்வை போனதும் தாராவி ரூமிலிருந்து அவரை வெளியே தள்ளியவர் சொந்த அண்ணன். இப்போது குடிசைகளை இடித்துக் கட்ட சர்வேக்காரர்கள் வருகிறார்கள். ரூம் காகிதத்தில் இவர் பேரும் இருக்கிறது, இவர் கையெழுத்து இல்லாமல் புது வீடு கிடைக்காது. "இப்பம் அண்ணன் பாசமா கூப்பிடுதான்க்கா. வாடே, உன் வீடுதானேன்னுட்டு. அதான் கேக்கேன், அவ என்ன செஞ்சா?"

எனக்கு நினைவில்லை. நானே படித்ததுதான், ஆனால் எத்தனை நாவல், எத்தனை வருஷம். உள்ளே போனாள் என்றும் தோன்றியது, போகவில்லை என்றும் தோன்றியது. அப்போதுதான் உன் டின் ஞாபகம் வந்தது. உன் தம்பி வீட்டுக்குப் போய்க் கேட்டேன். பரண்மேல் இருந்ததை உன் தம்பி மனைவி துடைத்துக் கொடுத்தாள். கறுப்புக் கயிறு கட்டிய காஸெட் உள்ளே இருந்தது.

நித்யா எங்கிருந்தோ ஒரு டேப்ரெக்கார்டரைப் பிடித்துவந்து, நாடா அறுந்துவிடாமல் ஓடவிட்டு, கம்ப்யூட்டருக்குள் வாங்கினாள். பேச்சைக் கேட்டு எழுதுகிற யந்திரமும் இப்போது இருக்கிறது. அது எழுதியதை அந்தக் குரல் வாசித்தது. நானும் அவளும் உட்கார்ந்து கேட்டோம்.

அம்மாடி. அந்த நாவல் என்ன கதி ஆகியிருந்தது என்கிறாய்? யந்திரத்துக்குக் கதை எது, ரயில் எது என்று தெரியவில்லை. காதில் விழுந்ததையெல்லாம் ஒரே பத்தியாக எழுதிவிட்டது. "அவள் பெரிய அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். தள்ளி உக்காரு மாமி. அவர் கண்ணில் ஈரம் இருந்தது. நடிக்கான்ட்டி நடிக்கான். பேரு பேரு பேரு. அவள் ஒன்றும் சொல்லவில்லை. நல்லாக் கேளு அவனை. ரே ரோடு வந்துட்டா?" எல்லாவற்றையும் அந்தக் குரல் ஒரே மாதிரி, செய்தி வாசிக்கிற மாதிரி வாசித்தது. நித்யா விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம்தான் உறைத்தது. நீ பேசிய பேச்செல்லாம் இருக்கிறது, உன் குரல் இல்லை. "அடிப்பாவி" என்று யாரோ ஒரு ஆண் மரியாதையாகச் சொல்கிறான்.

அப்படியே விட்டுவிடலாமா என்று ஆசை வந்தது. வந்தது என்று ஒப்புக்கொள்கிறேன், அதில் என்ன தப்பு? செல்வத்துக்கு முதல் சில பக்கங்களை அனுப்பிக் கேட்டேன்.

"நடுவுல ஒரு அக்கா வாராங்களே, அவங்க பேச்சு சோக்கா இருக்கு. யாரது?" என்றார்.

"என் சிநேகிதி. நாவல்ல கிடையாது."

"அது சரிக்கா. ஆனா கதை எது, அவங்க எதுன்னு பிடிபடலியே. 'நடிக்கான்'னு சொல்லுதது அந்தப் பொம்பளயா, இவங்களா? நான் எதைக் கதைன்னு எடுத்துக்கிட?"

அது உன் கேள்வி. அட்டையிலிருந்து அட்டைவரை, ஒன்றும் குறையக்கூடாது. குறையக்கூடாது என்றால் கூடவும் கூடாதுதானே. அவருக்குச் சேர வேண்டியது அந்த அம்மாள் எழுதிய புத்தகம். ஆகவே ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து உன்னை வெட்டினேன். வரிவரியாக. குர்லாவை வெட்டுவது சுலபமாக இருந்தது, கொய்யாக்காரனை வெட்டுவதும். "ஏட்டி, இந்த இடத்துல அவகூட நானும் நிக்கணும்போல இருக்கு" என்று நீ சொன்னதை வெட்டிவிட்டு எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டேன். காஸெட்டில் நீ இருக்கிறாய், ஒன்றும் போய்விடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் புத்தகத்திலிருந்து உன்னை எடுக்கிறவள் நான் என்பது கசந்தது.

வேலை முடிந்து கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். வி.டி. பெஞ்ச். யந்திரம் எழுதியிருந்தது: "சாவி அவள் கையில் கனத்தது. அவள் கதவைத் திறந்து உள்ளே போனாள்." அப்பாடா என்றிருந்தது. சரி, போய்விட்டாள், செல்வத்துக்குச் சொல்லலாம். அதற்குக் கீழே அதே பக்கம் மறுபடியும் முதலிலிருந்து. நித்யா அதைச் சிவப்புக் கோடு போட்டு அடைத்து, "ரிப்பீட், நீக்கவும்" என்று குறித்திருந்தாள். யந்திரம் சில சமயம் மாட்டிக்கொண்டு ஒரே பத்தியைத் திருப்பி எழுதும் என்று அவள் ஏற்கெனவே சொல்லியிருக்கிறாள். நீக்க வேண்டியதுதான். செல்வம் வேறு அன்று காலைதான் போன் செய்திருந்தார். விரல் பொத்தானுக்குப் போய்விட்டது.

ஆனால் உன்னிடம் பத்து வருஷம் வாங்கிக் கட்டிக்கொண்டவளாயிற்றே நான். காஸெட்டைக் கடைசிவரை கேட்காமல் கைவைத்தால் நீ சும்மா விடுவாயா? ஹெட்போனை மறுபடி மாட்டிக்கொண்டேன்.

என் குரல். சின்ன வயசுக் குரல். "சாவி அவள் கையில் கனத்தது" என்று படிக்கிறேன். அடுத்த வரியைத் தொடங்குகிறேன், தலைக்குமேல் ஒலிபெருக்கி அலறுகிறது. வரியே கேட்கவில்லை. ஓர் எழுத்துகூடக் கேட்கவில்லை. திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். என் காதில் விழாத வரி யந்திரத்தின் காதில் மட்டும் எப்படி விழுந்தது? மேலே கேட்டேன். அலறல் அடங்குகிற இடத்தில், அதற்கு அடியிலிருந்து நீ பேசினாய். யந்திரம் அதை எழுதாமல் விட்டிருந்தது.

"ஏட்டி, கேக்கல. தலையில இருந்து படி."

நான் சலித்துக்கொள்கிற சத்தம் கேட்டது. அப்புறம் முழுப் பக்கத்தையும் திரும்பப் படிக்கிறேன். இந்தத் தடவை ஒலிபெருக்கி இல்லை. "சாவி அவள் கையில் கனத்தது. அதைப் படிமேல் வைத்துவிட்டு வந்த வழியே திரும்பி நடந்தாள்."

அவள் உள்ளே போகவில்லை. சிவப்புக் கோட்டுக்குள் அடைபட்டிருந்த பக்கத்தைப் படித்தேன். அதில் அந்த வரி சரியாகவே இருந்தது. மேலே உள்ளதில்தான் அந்தப் பொய்.

சனிக்கிழமை நித்யாவை உட்காரவைத்து இரண்டையும் கேட்கவைத்தேன். அவள் முகம் சுண்டிவிட்டது.

"கேக்காத இடத்துல அது சும்மா இருக்காது ஆன்ட்டி. இதுக்கு அப்புறம் எது வரும்னு கணக்குப் போட்டு அதுவே எழுதிடும். பொதுவா எல்லாக் கதையிலயும் சாவி குடுத்தா கதவைத் திறப்பாங்க இல்லையா? அதான்." சிவப்புக் கோட்டைக் காட்டினாள். "நிஜமான பக்கத்தை நான் ரிப்பீட்டுன்னு அழிச்சிருப்பேனே."

"நானும்தான்" என்றேன்.

அவள் மேலே குற்றமில்லை. அந்த யந்திரத்தையும் நான் திட்டவில்லை. அது இல்லையென்றால் செல்வத்துக்கு அந்த நாவலே இல்லை, சுவர்தான். ஆனால் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்கவில்லை, இன்னொரு தடவை படி என்று முரண்டு பிடிக்க வேண்டியிருக்கிறதே. நீ அதை அன்றைக்கே செய்துவிட்டுப் போயிருக்கிறாய். நான் பல்லைக் கடித்துக்கொண்டு படித்தேன். நல்லவேளை, படித்தேன்.

பொய்ப் பக்கத்தை நீக்கினோம். சந்தேகமான இடங்களை இனி ஒலியோடு ஒப்பிடாமல் ஏற்றுவதில்லை என்று நித்யா முடிவு செய்திருக்கிறாள். புத்தகத்தின் தொடக்கத்தில் உன் பேரைப் போடலாமா என்று கேட்டாள். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம், ஒரு நிமிஷம்தான். "அந்த அம்மா எழுதுன புஸ்தகத்துல என் பேரு எதுக்குட்டி?" என்று நீ கேட்பது காதில் விழுந்தது. வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புத்தகத்தில் உன் பேச்சு ஒன்றும் இல்லை, பேரும் இல்லை. கடைசி வரி மட்டும் இருக்கிறது.

நேற்று மாலை நானே மாஹிம் போனேன். செல்வம் கடைக்குள் ஸ்டூல் போட்டு என்னை உட்காரவைத்தார். சிப்ஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவே போனை வைத்து, எனக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகவே போட்டார். கடைசி அத்தியாயம். தண்ணீர் பாட்டில் கேட்டு வந்தவரை "பாஞ்ச் மினிட் ருக்கோ பாய்" என்று நிறுத்திவைத்தார். அண்ணன்மார் அவளைச் சூழ்ந்து நின்றார்கள், பெரிய அண்ணனின் கண்ணில் ஈரம் இருந்தது, அவள் சாவியோடு படியில் நின்றாள். செல்வம் மூச்சுவிடவில்லை. சாவி அவள் கையில் கனத்தது என்று குரல் சொன்னது, பாந்த்ரா பக்கமிருந்து ஒரு ஃபாஸ்ட் வண்டி தடதடவென்று ஸ்டேஷனைக் கடந்து போயிற்று. கடை மொத்தமும் அதிர்ந்தது. வண்டியின் சத்தம் ஓய்ந்தபோது குரல் முடித்துவிட்டிருந்தது.

"போச்சே" என்று செல்வம் கையை உதறினார். "என்னக்கா சொல்லுச்சு? உள்ள போனாளா?"

சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. அவர் அதற்குள் போனை எடுத்து, ஒரு வரி பின்னால் போக விரலை வைத்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வரி வேண்டாம் செல்வம். பக்கத்தோட தலையிலிருந்து போடுங்க."

"ஒரு வரிதானேக்கா போச்சு?"

"தலையிலிருந்து போடுங்க."

போட்டார். தண்ணீர் பாட்டில்காரரும் நின்று கேட்டார். இந்தத் தடவை வண்டி எதுவும் வரவில்லை.